சமோசாவும் அம்மாவின் ஹிந்தியும்

போன கிழமை மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண் ஒரு கடதாசிப் பையைத் திறந்தார். முதலில் சீரகம் வந்தது. அதன் பின்னால் இஞ்சி. அதற்கும் பின்னால், கொத்தமல்லி விதையை ஒன்றிரண்டாய் இடித்துச் சூடான எண்ணெயில் போட்டால் வருமே, அந்த மணம். ஏறாவூர் தாண்டும்வரை யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மரியாதையாகத்தான் இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. எட்டிப் பார்த்தேன். கொழுத்த சமோசா. நம்மூர்ச் சமோசா இல்லை, இந்தியச் சமோசா.

நம்மூர்ச் சமோசா உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓட்டமாவடித் தேநீர்க் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருப்பார்கள். மெல்லிய தோல், தட்டையான உடம்பு, கடித்தால் சட்டையெல்லாம் தூள். பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு நின்ற நிலையிலேயே தின்று முடிக்கிற சாமான் அது. இந்தியச் சமோசா அப்படியில்லை. அடிப்பக்கம் அகன்று, வயிறு தள்ளி, தட்டில் தன்பாட்டுக்கு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். அதைத் தின்ன நாமும் உட்கார வேண்டும்.

நான் பார்த்ததை அந்தப் பெண் பார்த்துவிட்டார்.

"எடுங்க தங்கச்சி, வீட்ட செஞ்சதுதான், சூடு இன்னும் ஆறல்ல."

வேண்டாம் என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எடுத்து, கடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டேன். உள்ளே உருளைக்கிழங்கு மசியாமல் துண்டு துண்டாகக் கிடந்தது. சரியான கைதான் செய்திருக்கிறது என்று நினைத்தேன். சரியான கை எது என்று எனக்குத் தெரியும், என் கை இல்லை. அது அம்மாவின் கை.

எங்கள் வீட்டுக்குச் சமோசாவைக் கொண்டுவந்தது அம்மாதான், குவைத்திலிருந்து. நான் சின்ன வகுப்புப் படிக்கும்போது வீட்டு வேலைக்கென்று போனவர், நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் முழுதாகத் திரும்பி வந்தார். இடையில் ஓரிரு தடவை லீவில் வந்து போனார். அதையெல்லாம் கலியாண வீட்டுக்கு வந்துபோகும் விருந்தாளியைப் போலத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். அப்பா கடலுக்குப் போகும் நாட்களில் என்னை மாமி, அதாவது அப்பாவின் அக்கா, பார்த்துக்கொண்டார்.

அம்மா வேலை செய்தது அரபுக்காரர் வீட்டில் இல்லை. அங்கே தொழில் செய்யும் வட இந்தியக் குடும்பம் ஒன்றின் வீட்டில். மரக்கறிச் சாப்பாடுதான். அங்கே அவர் இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொண்டு வந்தார்: ஹிந்தியும் சமோசாவும். வாழைச்சேனையில் இரண்டுக்குமே வேலை இல்லை. ஹிந்தி பேச ஆள் இல்லை. சமோசாவை முதல்தரம் செய்து வைத்தபோது மாமி வந்து, ஒன்றைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"என்னகா இது, மோதகத்துக்கு மூக்கு முளைச்ச மாதிரி இரிக்கி?"

அதற்குப் பிறகு அம்மா அதைச் செய்வது குறைந்துவிட்டது.

திரும்பி வந்த முதல் நாட்களில் அம்மா கேட்ட ஒரு கேள்வி இன்னும் என் காதில் கிடக்கிறது. சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவிக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, "புள்ள, இத எங்க வைக்கிற?" என்றார். அது அவருடைய வீடு, அவருடைய குசினி. உப்புப் போத்தல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நானும் வந்தவர்களுக்குக் காட்டுவதுபோல மரியாதையாகக் காட்டினேன். அந்த மரியாதை எங்கள் இருவருக்கும் நடுவில் பல வருஷம் நின்றது. சண்டை பிடித்திருந்தால் அது கெதியாக விலகிப் போயிருக்குமோ என்னவோ. நாங்கள் சண்டையே பிடிக்கவில்லை.

பிறகு எனக்குப் பாசிக்குடாவில் ஒரு சின்ன ஹோட்டலில் வேலை கிடைத்தது. வரவேற்பு மேசை. புன்னகைத்துக்கொண்டு சாவி கொடுப்பதுதான் வேலை. புன்னகை என் முகத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்று முகாமையாளர் முதல் மாதமே சொல்லிவிட்டார், இருந்தாலும் வைத்துக்கொண்டார். வேலை பழகி, இனிப் பயமில்லை என்று நான் நினைத்த நேரத்தில்தான், கையில் டொலர் இல்லாமல் நாடே நின்றது.

அந்தக் காலம் உங்களுக்கும் மறந்திருக்காது. பெற்றோலுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. வெற்றுச் சிலிண்டர்களைக் கயிற்றால் கட்டி வீதியோரம் விட்டுவிட்டு ஆட்கள் மர நிழலில் படுத்திருப்பார்கள். டீசல் இல்லாமல் துறைமுகத்தில் போட்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஆழ்கடலுக்குப் போகும் அப்பா, பழைய தோணியைத் தட்டித் துடைத்துக்கொண்டு வீச்சுவலையோடு ஆற்றுக்குள் இறங்கினார். எங்கள் ஹோட்டலில் அறைகள் காலியாகி, எனக்குப் பாதி நாள் வேலை, பாதிச் சம்பளம் என்றாயிற்று.

அப்போதுதான் அம்மா சொன்னார், மத்தியானச் சோற்றைப் போட்டுக்கொண்டே, சாதாரணமாக:

"நான் ஒருக்காப் போய்ட்டு வாறன்."

எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அப்பா மீன்முள்ளை ஒதுக்கினார். நான் தண்ணீர் குடித்தேன்.

வெளிநாட்டு வேலை ஏஜென்சிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மனிதர் ஒருவர் அதற்குப் பிறகு அடிக்கடி வந்தார். ஊரில் ஒருவரிடமும் பெற்றோல் இல்லாத நாட்களில் அவருடைய மோட்டார் சைக்கிள் மட்டும் எப்படி ஓடியது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பாஸ்போர்ட் புதுப்பித்தாயிற்று. மெடிக்கலும் முடிந்தது. இந்த முறை பழைய வீடு இல்லை, முன்பின் தெரியாத வேறு வீடு. விசா வந்ததும் போக வேண்டியதுதான். அம்மா எப்போதும்போலச் சமைத்தார், கூட்டினார், உடுப்புக் கழுவினார். எனக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது: அவருக்கு அங்கேதான் பிடித்திருக்கிறது, இங்கே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்படியானவரை நான் எப்படி மறிப்பது?

இந்த நிலையில்தான் ஹோட்டலுக்கு ஒரு குடும்பம் வந்தது. புருஷன், பெண்சாதி, சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். வட இந்தியர்கள். எல்லாம் முன்கூட்டியே ஒழுங்கு செய்துவிட்டபடியால் துணிந்து புறப்பட்டு வந்திருக்கிறார்கள். வந்து சேர்ந்தார்கள், ஆனால் போக முடியவில்லை. அவர்களைக் கூட்டிவந்த வான் சாரதி டீசல் வரிசையில் போய் நின்றவர் நின்றவர்தான். எங்கள் குசினியில் கேஸ் இல்லை. வெளியே கல் வைத்து விறகில் சோறும் பருப்பும் கிழங்குக் கறியும் ஆக்கிக் கொடுத்தோம். அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாள் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டார்கள்.

"கெஸ்ட் பட்டினி கிடந்தா நாம முடிஞ்சம்," என்று முகாமையாளர் தலையில் கைவைத்தார்.

நான் வீட்டில் வந்து இதைச் சும்மா ஒரு கதையாகத்தான் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"சின்னப் புள்ளைகளா?"

"ஓம்."

"மா இரிக்கா ஹோட்டலில? கொஞ்சம் கொண்டுவா. நான் சமோசா செஞ்சு தாறன்."

முகாமையாளர் மாவை மட்டுமில்லை, எண்ணெயையும் தந்தார். இந்த ஏற்பாட்டைக் கேள்விப்பட்ட அந்தப் பிள்ளைகளின் தாய், பல்லவி என்று பெயர், தானும் வருவேன் என்று நின்றார். அறையில் இருந்து இருந்து பைத்தியம் பிடிக்கிறதாம். பிள்ளைகளைத் தகப்பனோடு கடற்கரையில் விட்டுவிட்டு, ஹோட்டல் சைக்கிளில் ஒன்றை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தார். வீதியில் ஒரு வாகனம் இல்லை. நடுவீதியில் இரண்டு பெண்கள் பக்கம் பக்கமாகச் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனோம். மாடுகள்கூட எங்களுக்காக எழும்பவில்லை.

அம்மா அவரைக் கண்டதும் கூச்சப்பட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வாங்க, இரிங்க" என்று தமிழில் சொன்னார். மாவை அப்போதுதான் பிசையத் தொடங்கியிருந்தார். உப்பும் ஓமமும் போட்ட கோதுமை மாவில் எண்ணெய் விட்டு, விரல்நுனியால் தேய்த்துத் தேய்த்துப் பொலபொலவென்று வைத்திருந்தார். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் கொழுக்கட்டைபோல நிற்க வேண்டும், நின்றால்தான் தண்ணீர் தெளிக்கலாம். பல்லவி குனிந்து தானும் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்த்து, ஹிந்தியில் ஏதோ சொன்னார். அம்மா யோசிக்காமல், மாவிலிருந்து கண்ணை எடுக்காமல், ஹிந்தியிலேயே பதில் சொன்னார்.

பல்லவி வாயைத் திறந்தபடி நின்றார். நானும்தான்.

அம்மாவுக்கு ஹிந்தி தெரியும் என்று நான் கேள்விப்பட்டது மட்டும்தான். காதால் கேட்டது அன்றுதான் முதல் தடவை. நான் அறிந்த அம்மாவின் குரல் தணிந்தது, அளந்து பேசுவது. இந்தக் குரல் உரத்தது, அதிகாரமானது, இடையில் நாக்கைக் கொட்டுவது. கிழங்கை மசிக்கப் போன பல்லவியின் கையில் ஒரு தட்டுத் தட்டி, இப்படி விரலால் உடை என்று காட்டினார். பட்டாணிக்கு எங்கே போவது, பயற்றங்காயைப் பொடியாக வெட்டிப் போட்டார். மாங்காய்த் தூளுக்குப் பதிலாகத் தேசிக்காய் பிழிந்தார். சீரகமும் இஞ்சியும் பச்சைமிளகாயும் தாச்சியில் சூடான எண்ணெயில் விழுந்ததும் பல்லவி கண்ணை மூடிக்கொண்டு மணத்தை இழுத்தார். இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

மடிப்பது என் பொறுப்பாயிற்று. ரொட்டிபோல நீளவட்டமாக உருட்டி, நடுவால் வெட்டி, ஒரு பாதியைக் கூம்பாகச் சுற்றி, வயிற்றை நிரப்பி, முதுகில் ஒரு கொசுவம் வைத்து, தண்ணீர் தொட்டு வாயை ஒட்ட வேண்டும். சொல்ல லேசு. நான் ஒட்டியது தலையணைபோல இருந்தது, அடுத்தது காலில்லாத கோழிபோல. அவர்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்து ஹிந்தியில் என்னைப் பகிடி பண்ணினார்கள். பகிடியை விளங்கிக்கொள்ளப் பாஷை தெரிய வேண்டியதில்லை.

பொரிப்பதுதான் பொறுமையான வேலை. எண்ணெய் அதிகமாய்க் காய்ந்துவிடக் கூடாது. காய்ந்தால் தோலில் கொப்புளம் எழும்பி, வெளியே சிவந்து உள்ளே மா பச்சையாக நிற்கும். கேஸ் அடுப்பென்றால் திருகிக் குறைக்கலாம். எங்களிடம் இருந்தது விறகடுப்பு. அம்மா பக்கத்தில் குந்தியிருந்து, விறகை இழுத்தும் தள்ளியும், ஒரு தேங்காய்ச் சிரட்டையைப் போட்டும் எடுத்தும் சூட்டைப் பிடித்துவைத்தார். புகை அடித்தது. அந்தப் புகைக்குள் இருந்துகொண்டு அவர் தணிந்த குரலில் பேசத் தொடங்கினார். சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. பல்லவி மடிப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்னம்மா சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல புள்ள. எண்ணெய்ச் சூட்டச் சொல்லுற."

பொன்னிறமாய் வந்ததையெல்லாம் சுளகில் கடதாசி விரித்து ஆறப்போட்டு, பிறகு கேக் டின்னில் அடுக்கி, துணியால் மூடி என் சைக்கிள் கூடையில் வைத்தார் அம்மா. பல்லவி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிறிது நேரம் விடவில்லை.

திரும்பும் வழியில் கடல்காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கும் இடத்தில் பல்லவி சைக்கிளை விட்டு இறங்கினார். நானும் இறங்கினேன். சங்கிலி கழன்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

"உங்கள் அம்மா மறுபடி வெளிநாடு போகிறாராமே," என்றார் ஆங்கிலத்தில்.

"ஓம். அவருக்குப் போக விருப்பம்."

"விருப்பமா? உங்களுக்கு யார் சொன்னது?"

அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வசனமாக, பிழை வந்துவிடக் கூடாது என்ற கவனத்தோடு சொன்னார். குவைத் வீட்டில் அம்மா பின்னேரம் பள்ளியால் வரும் பிள்ளைகளுக்கு இதே சமோசாவைச் செய்வாராம். கடைசிப் பிள்ளைக்கு மூலையைப் பிய்த்து ஊதிக் கொடுக்க வேண்டுமாம். கொடுக்கும்போதெல்லாம், என் பிள்ளைக்கு இந்த நேரம் யார் ஊதிக் கொடுக்கிறார்கள் என்று நினைப்பாராம். அந்த வீட்டார் நல்லவர்கள், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் இன்னொரு தடவை அப்படி ஒரு கதவுக்குள் போக அவருக்குப் பயமாக இருக்கிறதாம். நித்திரை வருவதில்லையாம்.

"பிறகு ஒன்று சொன்னார்," என்றார் பல்லவி. "'போகிறேன் என்று சொல்லிவிட்டேன். போகாதே என்று இந்த வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. யாராவது சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்றார்."

வரவேற்பு மேசையில் நின்று எத்தனையோ பேருக்கு ஆங்கிலத்தைத் தமிழாக்கியிருக்கிறேன், தமிழை ஆங்கிலமாக்கியிருக்கிறேன். என் அம்மாவை எனக்கு மொழிபெயர்க்க ஒரு வெளிநாட்டுப் பெண் வர வேண்டியிருந்தது.

ஹோட்டலில் பிள்ளைகள் ஈரக் காற்சட்டையோடு ஓடிவந்து டின்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சின்னவன் ஒன்றைக் கடித்து, உறைத்து, துப்பி, மறுபடி கடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். முகாமையாளரும் வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். நான் சிரித்ததுபோலச் செய்துவிட்டு, தலையிடி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டேன். அவ்வளவு வேகமாக நான் சைக்கிள் ஓட்டியதில்லை. விசா வந்த செய்தியோடு அந்த மோட்டார் சைக்கிள் எனக்கு முன்னால் போய் நிற்கிறதோ என்ற பயம்.

முற்றத்தில் மோட்டார் சைக்கிள் இல்லை. வெயில் இன்னும் இறங்கவில்லை. அம்மா கிணற்றடியில் சாம்பல் போட்டுத் தாச்சியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்பா வேலியில் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"புள்ளைகள் தின்னாங்களா?" என்று அம்மா கேட்டார்.

நான் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை. அது விழுந்து கிடந்தது.

"அம்மா, நீங்க போக வேணாம்."

தேய்த்த கை நின்றது. "ஆரு என்ன சொன்ன?"

"நீங்கதான் சொன்ன. ஹிந்தியில."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தாச்சியைப் பார்த்தார். "அந்தப் புள்ள சொல்லிப்போட்டாளா," என்றார். முகம் சிரிப்பதற்குத்தான் தயாரானது, பாதியில் வேறாகிவிட்டது. சாம்பல் கையால் கண்ணைத் துடைத்து நெற்றியெல்லாம் கரி.

"மறுகா சீவியத்துக்கு என்ன செய்யிற?"

"என்னவும் செய்வம். நீங்க போக வேணாம்."

வேலிப் பக்கமிருந்து அப்பாவின் குரல் வந்தது. அவர் திரும்பவில்லை, வலையோடு பேசுவதுபோலப் பேசினார்.

"நானும் வேணாம் எண்டுதான் நினைச்ச. நீ போகத்தான் வேணும் எண்டு நிக்கிற மாதிரி இரிந்திச்சி. நான் எப்பிடி மறிக்கிற?"

"வாயத் திறந்து சொல்லுறதுக்கு என்ன?" என்று அம்மா கத்தினார். ஹிந்தியில் கேட்ட அதே குரல், இப்போது தமிழில். "வருசக்கணக்கா அங்க கிடந்து வந்தவளுக்கு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாம இரண்டு பேரும் மீன்முள்ளுப் பொறுக்கிறீங்க!"

எங்கள் வீட்டின் முதல் சண்டை அது. கிணற்றடியில் நின்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல சண்டைதான் என்று கண்டுகொண்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். எனக்கு மட்டும் நெஞ்சுக்குள் இருந்து ஒரு பாறாங்கல்லைத் தூக்கி எறிந்ததுபோல இருந்தது. அவ்வளவு காலம் அது அங்கே இருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஏஜென்சி மனிதர் சில நாள் கழித்து வந்தார். "விசா வந்திட்டு," என்று வாசல் படலையிலிருந்தே சொன்னார்.

"வந்தா வரட்டும்," என்றார் அப்பா. "அவ வாறல்ல."

அவர் ஏதேதோ சத்தம் போட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் அதையே திருப்பிச் சொன்னார். அதிகம் பேசாத மனிதர் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டால் அவரை ஒன்றும் செய்ய முடியாது.

பல்லவி குடும்பம் அதற்கு முன்பே போய்விட்டது. டீசல் அடித்த வானை ஓட்டிக்கொண்டு, கலியாண மாப்பிள்ளையைப் போல வந்து இறங்கினார் சாரதி. எங்களுக்குப் பிறகும் இலேசான காலம் இல்லை. ஹோட்டலைச் சில மாதம் மூடினார்கள். ஆற்று மீனும் மரவள்ளிக் கிழங்கும்தான். கிழங்கும் மாவும் கிடைத்த நாட்களில் அம்மா சமோசா செய்தார். உருளைக்கிழங்கு இல்லாவிட்டால் மரவள்ளி வைத்தார், ஈரப்பலாக்காய் வைத்தார். மாமி "மூக்கு முளைச்சது ஒண்டு தாகா" என்று கேட்டு வாங்கித் தின்றார். நான் தலையணைகள் செய்தேன். பசி இருந்தது, கவலை இருந்தது, ஆனால் வீட்டில் யாரும் யாருக்கும் விருந்தாளியாக இருக்கவில்லை.

இப்போது பெற்றோல் அடிக்கும் செட்டைப் பார்த்தால் அங்கே அத்தனை ஆட்கள் இரவு பகலாய்ப் படுத்துக் கிடந்தார்கள் என்று நம்ப முடியாது. நானும் பல்லவியும் போன கல்குடா வீதியில் இன்று பக்கம் பக்கமாகச் சைக்கிள் ஓட்டினால் வான்காரன் ஹோன் அடித்தே கொன்றுவிடுவான். ஏஜென்சிக்காரர் இருந்த கடையில் இப்போது போன் திருத்துகிறார்கள். அம்மாவின் ஹிந்தியும் கழன்றுகொண்டு போகிறது. அண்மையில் ஓமத்துக்கு ஹிந்தியில் என்னவென்று கேட்டேன். கையில் ஓமத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டு, "வருதில்ல புள்ள" என்றார். கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் அலுமாரிக்கு மேல் ஒரு பெரிய நீலச் சூட்கேஸ் இருந்தது. அம்மாவின் பெயரும் ஊரும் வெள்ளை மையால் எழுதியது. அவர் குவைத்திலிருந்து முழுதாகத் திரும்பிய நாள் தொடக்கம், அது இல்லாத வீட்டை நான் கண்டதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டு யாழ்ப்பாணம் போகும்போது கேட்டாள், அம்மா இறக்கித் தூசு தட்டிக் கொடுத்தார். அவள் லீவுக்கு வந்தாள், போனாள், மறுபடி வந்தாள். சூட்கேஸ் வரவில்லை. அங்கே அறைத்தோழிக்குக் கொடுத்துவிட்டாளாம். அவளுடைய தாய் சங்கடப்பட்டு, புதிது ஒன்று வாங்கித் தரட்டுமா என்று கேட்டு வந்து நின்றார்.

"வேணாம்கா," என்றார் அம்மா. "வச்சிருந்தா இடந்தான் பிடிக்கும்."